உள்ளே போகப் போக ஆழம்

என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் இங்கிலீஷில் பள்ளத்தாக்குக்கு இருக்கிற அத்தனை வார்த்தைகளையும் கரைத்துக் குடித்தேன். டியூஷன் டீச்சர், பிள்ளைகளுக்காகப் படித்திருப்பாள் என்று தெருவில் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆரம்பம் என்னவோ பிள்ளைகளால்தான். சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். ஒருநாள் பாடத்தில் வேலி, கார்ஜ், கேன்யன், ரவீன், கல்லி என்று வரிசையாக வந்தது. மாப்பிள்ளையூரணியிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ், எல்லாத்துக்கும் பள்ளத்தாக்குன்னே எழுதிரலாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி மட்டம். ஐப்பசி மழை பெய்தால் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது, எங்கள் தெருவிலேயே தங்கி வாரக் கடைசியில்தான் கிளம்பும். உயரம் என்று பார்த்தால் உப்புக் குவியல், துறைமுகத்து நிலக்கரிக் குவியல், மாதா கோவில் கோபுரம், அவ்வளவுதான்.

இருந்தாலும் டீச்சர் தெரியாது என்று சொல்ல முடியுமா? கைக்கு எட்டியதை வைத்துச் சமாளித்தேன். தேரிக்காட்டுச் செம்மணலில் ஒரு பெரிய மழை பெய்து ஓய்ந்தால் கீறிவிட்ட மாதிரி ஒரு வாய்க்கால் விழுமே, அது கல்லி. அதே கீறலை வருஷக்கணக்கில் மழை தின்று, உள்ளே இறங்கினால் ஆள் தலை மறைகிற அளவுக்கு ஆகிவிட்டால் ரவீன். ரெண்டு கோடவுனுக்கு நடுவில் வெயில் இறங்காத சந்து இருக்கிறதல்லவா, அது பாறையில் இருந்து அடியில் ஆறும் ஓடினால் கார்ஜ். துறைமுக யார்டில் கன்டெய்னரை அடுக்கி வைத்திருக்கிறார்கள், மேலே மட்டம், பக்கத்தில் வரி வரியாக அடுக்கு, நடுவில் லாரி போகிற அகலம், அதுதான் கேன்யன். வேலி என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுப்பெயர். டேல், க்ளென் என்று இன்னும் ரெண்டு இருக்கிறது, ஒன்று வட இங்கிலாந்தில் சொல்வது, இன்னொன்று ஸ்காட்லாந்தில் சொல்வது. பிள்ளைகளுக்குக் கன்டெய்னர் மட்டும் நன்றாகப் பிடித்துவிட்டது.

எனக்கு எதிலும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. மீன்காரி செவுளைத் திறந்து காட்டினாலும் முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். தாழ்ந்து கிடக்கிற இடத்துக்கு ஒரு பாஷையில் இத்தனை பேர் எதற்கு, யாரை ஏமாற்ற என்று அன்றைக்கு எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன். அப்புறம்தான் நாங்கள் காற்றுக்கே வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு பேர் வைத்திருப்பது ஞாபகம் வந்தது. யார் எதை நம்பிப் பிழைக்கிறார்களோ அதற்குப் பேர் கூடிப்போகிறது. சரி போகட்டும் என்று விட்டேன்.

அந்த வாரம்தான் அந்தப் போட்டோ வந்தது.

என் வீட்டுக்காரர் கப்பலில் போசன். தளத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கு மேலாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வருஷத்தில் பாதிக்கு மேல் அவர் கடலில், நான் கரையில். எங்கள் கடற்கரையில் கப்பல்காரன் பெண்டாட்டியைப் பார்த்தால் யாரும் நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டார்கள். "எங்கன நிக்காரு?" என்றுதான் கேட்பார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் கேட்பார்கள், கறிக்கடையில் கேட்பார்கள். சிங்கப்பூர் என்றோ சாந்தோஸ் என்றோ டக்கென்று பதில் சொல்ல வேண்டும். யோசித்தால் கதை கட்டிவிடுவார்கள். அவர் சொல்கிற ஊர்ப்பெயரை நம்பித்தான் நான் குடும்பம் நடத்தினேன். வேறு எதைப் பிடித்துக்கொண்டு நடத்த முடியும்? அந்தப் பெயர் பொய்யென்றால் இத்தனை வருஷமும் என்ன கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியாது.

அந்தத் தடவை புரட்டாசியில் கிளம்பினார். அவர் அக்கா, என் மைனி, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். ரயிலடிக்குத் தெருவே வந்தது. நான் ஒரு பெரிய டப்பா நிறைய எங்கள் ஊர் இனிப்பு, மக்ரூன், வாங்கிக் கொடுத்தேன், கப்பல் ஆட்களுக்கும் சேர்த்து. சென்னை போய் மெடிக்கல் முடித்து, அங்கிருந்து பிளேன் ஏறி, வெளிநாட்டில் ஏதோ துறைமுகத்தில் கப்பலைப் பிடிப்பதாகத் திட்டம். ஏறிவிட்டேன் என்று மெசேஜ் வந்தது. கப்பல் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப் ஒன்று என் போனில் உண்டு, எங்கள் தெருவில் எல்லாப் பெண்களிடமும் உண்டு. அவர் சொன்ன கப்பல் சொன்ன இடத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்ததும் நார்வேயில் கல் ஏற்ற நிற்பதாகச் சொன்னார். ஆப்பிலும் நார்வே.

போட்டோவில் அவர் நிற்கிறார். பின்னால் நீலத் தண்ணீர், ரெண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை. "இதான் ஃபியோர்டு" என்று கீழே எழுதியிருந்தார். மகள் பார்த்துவிட்டு, "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாள். நான் அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அரைக்கை சட்டை போட்டிருந்தார். நார்வேக்கு அரைக்கை சட்டையா? குளிர்நாட்டுக்குப் போகும்போது போடுகிற தடி ஜாக்கெட் எங்கள் வீட்டு அலமாரியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப்போக மறந்துவிட்டார், கம்பெனியில் வேறு கொடுத்திருப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அதைத் தொட்டுப் பார்த்தேன், தூசி படிந்திருந்தது.

அடுத்து, பாறையில் ஒரு புல் இல்லை. வறுத்த கடலைத் தோல் நிறத்தில் இருந்தது. கடைசியாக, போட்டோவின் ஓரத்தில், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புத் தலையணையின் மூலை. ஓரத்தில் குஞ்சம் வைத்த தலையணை.

கல் ஏற்றுகிற கப்பலில் குஞ்சம் வைத்த தலையணை எதற்கு? எனக்கு வேறு என்ன தோன்றும், பெண்தான் தோன்றியது. எந்த ஊரிலோ ஒருத்தி இவருக்குத் தலையணை போட்டு உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அதை இவர் எனக்கே அனுப்புகிறார் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் என் சந்தேகம் ஊர்ச் சந்தேகம் ஆகிவிடும்.

போன் பேசும்போது மெதுவாகக் கொக்கி போட்டேன்.

"என்னங்க, அங்க குளிரலையா?"

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன். அரைக்கைச் சட்டையோட நிக்கீங்களே?"

"வெயில் அடிச்சுதுளா. பாப்பா சாப்பிட்டாளா?"

அவர் பதில் சொல்ல இஷ்டமில்லாத எந்தக் கேள்விக்கும் சாப்பிட்டியா என்றுதான் கேட்பார். கல்யாணமான புதிதில் அதை அன்பு என்று நினைத்து உருகியிருக்கிறேன். அது ஒரு கதவு என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த மாதம் தினமும் அந்தக் கதவில்தான் முட்டிக்கொண்டிருந்தேன்.

ஆளைப் பிடிக்க முடியவில்லை, இடத்தைப் பிடிப்போம் என்று ஃபியோர்டு பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அது மாதிரியே இருக்கிற இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு ரியா என்று பேர். ரெண்டுமே பள்ளத்தாக்கு, ரெண்டிலும் கடல் புகுந்திருக்கும். மேலே நின்று போட்டோ எடுத்தால் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். வித்தியாசம் தோண்டியது யார் என்பதில். ஃபியோர்டைத் தோண்டியது பனி. பனிக்கட்டி ஆறு மலையைச் சுரண்டிக்கொண்டே இறங்கி, அடியை 'ப' எழுத்து மாதிரி அகலமாகப் பறித்துவிட்டு, வாரிக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் கடல் வாயில் குவித்துவிட்டுப் போகும். அதனால் வாயில் ஆழம் குறைவு, உள்ளே போனால் கிடுகிடு ஆழம். ரியா அப்படியில்லை. அது ஆறு அறுத்த சாதாரணப் பள்ளத்தாக்கு. நிலம் தாழ்ந்தோ கடல் ஏறியோ தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அங்கே கடல் பக்கம்தான் ஆழம், உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் தரை தட்டும்.

படித்த கையோடு மறுநாள் வகுப்பில் அதையே எடுத்தேன். பாடத்தில் இல்லாததை மிஸ் எதற்கு இப்படி மூச்சுப் பிடித்து நடத்துகிறார் என்று பிள்ளைகள் முழித்தார்கள். பின்வரிசையில் என் மகளும் இருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் மட்டும் படம் வரைந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தபோது நான் தயாராக இருந்தேன். மகள் பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று பலதடவை சொல்லிப் பார்த்திருந்தேன். ஊரைப் பற்றிக் கேட்டால் அவர் பொய் சொல்வார், ஆளைப் பற்றிக் கேட்டால் நிச்சயம் பொய் சொல்வார். ஆனால் ஆழத்தைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல மாட்டார். ஆயுசு முழுக்கக் கடலில் இருந்தவருக்கு ஆழத்தைத் தப்பாகச் சொல்ல நாக்கு வராது.

"பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுக்கேன். உங்க ஃபியோர்டுல உள்ள போகப் போக ஆழம் கூடுமா, குறையுமா?"

அவர் குரல் சட்டென்று தெளிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிப் பேசினார்.

"குறையும்ளா! வெளிய கடல் பக்கம் நல்ல ஆழம். உள்ள வர வரக் குறைஞ்சுகிட்டே வரும். கடைசியில போனா கண்ணாடி கணக்கா தரை தெரியும் பாத்துக்கோ. மீனை எண்ணலாம்."

அவர் சொன்னது ரியா. ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"அப்ப நீங்க நார்வேயில இல்ல."

போனில் எங்கேயோ ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பிட்டியா?" என்றார்.

"எங்க இருக்கீங்க? அந்தச் சிவப்புத் தலகாணி யாரு வீட்டுது?"

அப்புறம்தான் சொன்னார். ஓமான் நாட்டில் முசந்தம் என்கிற இடம். பழைய கூட்டாளி ஒருவர் சேர்த்துவிட்ட டூரிஸ்ட் படகு. சென்னையில் மெடிக்கலில் சர்க்கரை எக்கச்சக்கம் என்று வந்திருக்கிறது. தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும், ஊசி போடுகிற ஆளைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் கொடுத்த மக்ரூன் டப்பாவை ஆஸ்பத்திரி வாசலிலேயே யாருக்கோ கொடுத்திருக்கிறார்.

"நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதான?"

"எப்படிளா வர? அக்கா மெழுகுதிரி கொளுத்தி, தெருவே வந்து ஏத்தி விட்டாவ. மறுநாளே பையைத் தூக்கிட்டு வந்து நிக்கச் சொல்லுதியா?"

"அதுக்கு நார்வேன்னு சொல்லுவீங்களா?"

"நான் ஏற வேண்டிய கப்பல் அங்கதான நிக்கி. இங்க வார டூரிஸ்ட்டு எல்லாம் இதை அரேபியா நார்வேன்னுதான் சொல்லுதான். படகுலயே போர்டு வச்சிருக்கான். அதான், ஒத்துப்போவும்னு நெனச்சேன்."

"தலகாணி?"

"டூரிஸ்ட்டு சாஞ்சு உக்காரதுக்குளா. நாந்தான் தினம் தட்டி அடுக்குதேன்."

பெண் இல்லை. முதலில் அதுதான் என் மண்டையில் ஏறியது, அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. உயிர் திரும்பி வந்தது. அடுத்த நிமிஷமே தலையணை தட்டுகிற அவர் கை கண்ணில் வந்தது. அவர் ஒரு விசில் அடித்தால் தளத்தில் ஆட்கள் ஓடுவார்கள் என்று அவரோடு போனவர்கள் வந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. அழுதுகொண்டே வீடியோவைப் போடச் சொன்னேன். படகைக் காட்டுங்கள், ஆட்டைக் காட்டுங்கள், போர்டைக் காட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றாகக் காட்டினார். ஊசியையும் காட்டினார். எல்லாவற்றையும் பார்த்த பிறகும் போனைச் சுற்றிக் காட்டும்போது எதையாவது விட்டுவிட்டாரோ என்றுதான் மனசு பார்த்தது. ஒருதடவை பொய் சொன்னவரிடம் உண்மை என்ன அடையாளத்தோடு வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

"மைனிகிட்ட சொல்லணும். ஊருக்குச் சொல்லணும். எனக்கு இந்தப் பொய் எல்லாம் ஆவாது" என்றேன்.

"நீ சொல்லிரு. என்னால முடியாது."

"சொல்லுதேன். பாப்பாகிட்டயும் நானே சொல்லுதேன்."

மறு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தோம். மழை பெய்து கோவில் முற்றத்தில் தண்ணீர் கிடந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காய்ந்த இடத்தில் கூட்டமாக நின்றார்கள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே ஒரு வரியாகச் செய்து வைத்திருந்தேன். மைனி, அவங்களுக்கு உடம்பு சரியில்ல, கப்பல்ல ஏறல, ஓமான்ல நல்லா இருக்காவ. அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை, அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

மைனி என்னைப் பார்த்ததும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"ஏளா, தம்பி எங்கன நிக்கான் இப்போ?"

எல்லோரும் திரும்பினார்கள். மைனியின் முகம் முழுக்கப் பெருமை. தம்பி நிற்கிற ஊர்ப்பெயரைக் கேட்பதற்காகவே காத்திருக்கிற முகம். அவருக்குப் பக்கத்தில் நின்றவரின் மகன் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருக்கிறான், அவனைப் பற்றி இதே முற்றத்தில் என்னவெல்லாம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும்.

"நார்வேல மைனி" என்றேன்.

"இன்னும் அங்கனதானா?"

"கல்லு ஏத்த நேரமாகுது மைனி. ஃபியோர்டுக்குள்ள நிக்காவ. ரெண்டு பக்கமும் மலை. குளிருன்னா அப்படியொரு குளிராம்."

ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சொன்னதைவிட நான் நன்றாகச் சொன்னேன், டீச்சர் அல்லவா. மைனி சந்தோஷமாகத் திரும்பி மற்றவர்களுக்கு நார்வே எவ்வளவு தூரம் என்று விளக்கத் தொடங்கினார். மகள் என் கையை விட்டுவிட்டாள். தண்ணீர் கிடந்ததால் பாவாடையைப் பிடிக்க விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வரை அவள் எனக்கு முன்னாலேயே நடந்தாள். நான் குசினியில் மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்றாள். கையில் போன், அதில் அந்தப் போட்டோ.

"அம்மா, அப்பா நேத்து எங்கிட்ட பேசினாங்க. அங்க உள்ளுக்குள்ள போனா தண்ணி குறைஞ்சு தரை தெரியுதாம். மீனை எண்ணலாமாம்."

"ம்" என்றேன்.

"ஃபியோர்டுன்னா உள்ள போகப் போக ஆழம்லா? நீதானம்மா சொல்லிக்கொடுத்த."

நான் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்டினேன். கிண்டத் தேவையே இல்லை, மீன்தான் உடைந்தது. அவள் போகவில்லை. போட்டோவை விரலால் பெரிதாக்கினாள், பிறகு அதை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக என் முகத்தில் இருந்த பார்வை அது.

"அம்மா, அப்பா எங்க இருக்காங்க?"

"சாப்பிட்டியா?" என்றேன்.